மோட்டார் வயர் முறிவியல்: ஒரு மொட்டை மாடி ஆய்வு

ரிமோட் லாரி ஒன்று ஓடாமல் நின்றுவிட்டால் பேட்டரி தீர்ந்திருக்கும். இல்லையென்றால் ரிமோட்டை ஆன் செய்ய மறந்திருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் மோட்டார் வயர் அறுந்திருக்கும். முதல் இரண்டும் பொது அறிவின்பாற்பட்டவை. அறிவுலகம் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மூன்றாவதுதான் தனி ஆய்வுக்குரியது. ஒரே லாரியில், ஒரே மோட்டாரில், ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே ஆண்டில் ஏழு முறை வயர் அறுந்த பிறகு இந்த ஆய்வாளர் அந்த முடிவுக்கு வந்தார். ஆறாவது முறைவரை அதை விதி என்று நினைத்திருந்தார்.

ஆய்வின் நான்கெல்லை

ஆய்வுக் களம் சென்னை நங்கநல்லூரில் ஒரு மொட்டை மாடி. தெற்கே தண்ணீர்த் தொட்டி, மேற்கே கைப்பிடிச் சுவர், வடக்கே துணிக்கொடி, கிழக்கே கீழ்வீட்டுப் பாட்டி வற்றல் காயவைக்கும் பழைய புடவை. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பகுதியில் மட்டுமே சோதனைகள் நடந்தன. கிழக்கெல்லை மீறப்பட்ட நாட்கள் ஆய்வுக் காலத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளன.

ஆய்வாளர் என்று இக்கட்டுரையில் வருவது நான். இளநிலை ஆய்வாளர் என்பவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன். லாரி அவனுடைய பிறந்தநாள் பரிசு. அனுபவ பாத்தியதை வேறொருவருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நெறியாளர், என் மனைவியின் தம்பி. வீட்டு வயரிங் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். வயர் என்ற சொல்லை யார் எங்கே உச்சரித்தாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்து நிற்பார். அவரை யாரும் நியமிக்கவில்லை. பல்கலைக்கழகங்களிலும் சில நெறியாளர்கள் இப்படித்தான் அமைகிறார்கள் என்று கேள்வி.

லாரியின் பெயரை ஆய்வு அறம் கருதிச் சொல்லவில்லை. குலத்தைச் சொல்லலாம்.

குலமும் கோளாறும்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் 1970களில் தம்முடைய ஃபோர்டு பிக்கப் வண்டிக்குச் சக்கரத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியது போதவில்லை என்று மேலும் பெரிதாக்கினார். 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்த அந்த வண்டியை 1981இல் பழைய கார்கள் மேல் ஏற்றி நசுக்கிப் பார்த்தார். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மான்ஸ்டர் டிரக் என்ற இனம் வேரூன்றியது அங்கே. கண்ணுக்குத் தெரிந்த பயன் எதுவும் இல்லாத ஒரு பொருள் உலகம் முழுவதும் பரவ எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டால், ஆறு ஆண்டு என்று சொல்லலாம். ஜப்பானின் ஷிஸுவோகா நகரில் 1946இல் மரவியாபாரமாகத் தொடங்கி, பிறகு பொம்மை மாதிரிகளுக்கு மாறிய டாமியா நிறுவனம், 1987இல் 'கிளாட் பஸ்டர்' என்ற ரிமோட் லாரியை வெளியிட்டது. அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கு சக்கரமும் திரும்பும். மோட்டார் இரண்டு. அவை இருக்குமிடம் ஒவ்வோர் அச்சின் மேலும் ஒன்று.

அச்சின் மேல் என்பதை வாசகர் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வின் முழு இருப்பும் அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. சாதாரண ரிமோட் கார்களில் மோட்டார் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியும் ஸ்பீடு கன்ட்ரோலரும் அதே சேஸிஸில். மூன்றும் ஒரே வீட்டுக்காரர்கள். நடுவில் ஓடும் வயருக்கு அசையவேண்டிய அவசியமே இல்லை. அச்சின் மேல் மோட்டார் வைத்த லாரியில் கதை வேறு. பேட்டரியும் கன்ட்ரோலரும் மாடிவீட்டில் ஸ்பிரிங் மெத்தையில் இருக்கின்றன. மோட்டாரோ சக்கரத்தோடு சேர்ந்து செங்கல் மேல் ஏறி, பள்ளத்தில் விழுந்து, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இரண்டு வீட்டுக்கும் பொது உறவு வயர் ஒன்றுதான். கல்யாணத்தில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே மூன்று நாள் ஓடியவரைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் நிலைமையைத் தனியாக விளக்க வேண்டாம்.

பொம்மைக்காரர்கள் புத்தியில்லாமல் செய்த ஏற்பாடு என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் 1888இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் ஓட்டியபோது செய்ததும் ஏறத்தாழ இதுதான். மோட்டாரின் ஒரு பக்கம் சக்கர அச்சின் மேல் தங்கும். மறு பக்கம் வண்டிச் சட்டத்திலிருந்து தொங்கும். அரக்கோணம் ஷெட்டிலும் ஈரோடு ஷெட்டிலும் வளர்ந்த வேப்-4 மின்சார எஞ்சின்களின் மோட்டார்கள் இதே முறையில்தான் மாட்டப்பட்டவை. ஆகவே நம் மொட்டை மாடி லாரிக்கும் கோவை செல்லும் எக்ஸ்பிரஸுக்கும் நோய் ஒன்றே. அவர்களிடம் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. நம்மிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கிறது.

அறுதலா, முறிதலா

நோய்க்குப் பெயர் வைப்பதில்தான் முதல் கருத்து வேறுபாடு. இளநிலை ஆய்வாளர் "வயர் கட் ஆயிடுச்சுப்பா" என்றான். நெறியாளர் "விட்டுப்போச்சு மாமா" என்றார். கீழ்வீட்டுப் பாட்டி, "அறுந்துடுத்தா? நல்லதாப் போச்சு" என்றார்.

தமிழில் நூல் அறும், கொடி அறும், செருப்பு வார் அறும். கிளை முறியும், குச்சி முறியும், எலும்பு முறியும். துவள்வது அறும், விறைப்பது முறியும். நூல் முறிந்தது என்று யாரும் சொல்வதில்லை, கிளை அறுந்தது என்றும் சொல்வதில்லை. இந்த ஒழுங்கில் வயரை எங்கே வைப்பது? பார்வைக்கு அது நூல் இனம். மெல்லிய செம்பு இழைகளைச் சேர்த்துப் புரியாக்கி, மேலே உறை போட்டது. எனவே அது அறவேண்டும். ஆனால் பெரும்பாலான முறை அறுந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்ததில், இழைகள் பிய்ந்து நீண்டு பிசிறாக நிற்கவில்லை. ஒரே மட்டத்தில், கத்தரித்ததுபோல் நின்றன. குச்சி முறிந்தால் அப்படித்தான் நிற்கும். நூலாகப் பிறந்த வயர் ஓரிடத்தில் குச்சியாகியிருக்கிறது. நூல் குச்சியாகும் அந்த எல்லையில்தான் போயிருக்கிறது. நம் மொழி இந்த உண்மையை இரண்டு வினைச்சொற்களுக்குள் எப்போதோ எழுதிவைத்துவிட்டது என்று ஒரு மேடையில் சொன்னால் நிச்சயம் கைதட்டல் கிடைக்கும். ஆய்வாளர் அவ்வளவு தூரம் போகவில்லை. 'முறிவியல்' என்ற துறைப்பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

முன்னோர் மொழிந்தவை

இத்துறையில் முதல் தமிழ்ச் சான்று திருக்குறள். வலியறிதல் அதிகாரத்தில், 475ஆம் குறளில், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். ஆய்வாளரின் மகிழ்ச்சி இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்ததில், வள்ளுவர் பேசுவது பாரம் மிகுந்து ஒரே தடவையில் முறிவது. நம் லாரியில் பாரமே இல்லை. மயிலிறகு ஒன்றுகூட ஏற்றாமல் முறிவதுதான் நம் சிக்கல். அதற்கு நெருங்கிய சான்று எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழி. ஒவ்வொரு முறையும் ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும். கடைசி முறை மட்டும் ஆகும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கட்டுக்கம்பி கட்டுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கையில் வெட்டுக்குறடு இல்லையென்றால் கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை மடக்குவார்கள். இழுத்தால் பத்துப் பேர் சேர்ந்தாலும் வராத கம்பி, மடக்கினால் ஒருவர் கையிலேயே கழன்றுவிடும். மடக்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால் சுடும்.

ஐரோப்பாவில் இதை முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் கிளௌஸ்தால் சுரங்கங்களை நிர்வகித்தவர். சுரங்கத்திலிருந்து தாது இழுக்கும் இரும்புச் சங்கிலிகள் பாரம் மிகாமலேயே ஒரு நாள் அறுந்துபோவதைப் பார்த்து, சங்கிலியை மறுபடி மறுபடி இழுத்து விடும் பொறி ஒன்றைக் கட்டிச் சோதித்தார். 1834இல் சங்கிலிக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளைத் திரித்துக் கம்பிவடம் செய்தார். ஒரு புரிக்கு நான்கு கம்பி, மூன்று புரி. கயிறு திரிக்கிறவர்கள் நாரில் செய்ததை அவர் இரும்பில் செய்தார். நம் லாரியின் வயர் அந்த வடத்தின் பேரப்பிள்ளை.

1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த இடத்தில் ஆய்வாளர் கேலியை நிறுத்திக்கொள்கிறார். நேற்றுவரை நன்றாக ஓடிய அச்சு இன்றைக்கு ஏன் முறிகிறது என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் அவசரம் வந்தது. ஜெர்மன் ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துக் கணக்கெடுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் கண்டது இது: எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே வளைத்தால் எத்தனை கோடி முறை வளைத்தாலும் கவலைப்படாது. செம்புக்கு அப்படி ஓர் எல்லை தெளிவாக இல்லை. சிறிய வளைவையும் அது கணக்கில் எழுதிக்கொள்ளும்.

மொட்டை மாடியில் செங்கல்லும் உடைந்த ஓடும் போட்ட பாதையில் லாரி ஓடும்போது அச்சு வினாடிக்கு இரண்டு தரம் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி 15 நிமிடம் தாங்கும். 1,800 வளைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேட்டரி. மனைவி கேட்டால் இரண்டு.

ஏழு முறிவுகள்

முதல் முறிவு மோட்டாரின் முனையில், சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) வைத்த இடத்தை ஒட்டி நடந்தது. சால்டர் போதவில்லை என்பது ஆய்வாளரின் முதல் கருதுகோள். இரண்டு மடங்கு சால்டர் உருக்கி ஊற்றினார். வேப்பங்கொட்டை அளவுக்கு ஓர் உருண்டை அமைந்தது. பார்க்க உறுதியாக இருந்தது. உருண்டை இன்றுவரை உறுதியாகத்தான் இருக்கிறது. வயர் அதற்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, நான்காம் ஞாயிறு போயிற்று.

வயர் ஆடுவதுதான் பிரச்சினை என்பது இரண்டாவது கருதுகோள். ஆடாமல் இருக்கட்டும் என்று சேஸிஸோடு சேர்த்து, துளிகூடத் தளர்வில்லாமல், கேபிள் டை போட்டு இறுக்கினார். அச்சு ஆடாமல் இருக்குமா? அது மோட்டாரோடு ஆடியது. வயர் ஒரு நாள் தாங்கியது. மூன்றாவது முறிவு இவ்வாறு.

இந்நிலையில் நெறியாளர் வந்தார். "இதென்ன மாமா, தலைமுடி மாதிரி வயரு. நம்ம சரக்கைப் போடுங்க" என்று வேன் டிக்கியிலிருந்து வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு கஜம் வெட்டிக் கொடுத்தார். ஏ.சி.க்கே தாங்கும் என்றார். ஏ.சி. செங்கல் மேல் ஏறி இறங்குவதில்லை என்பது அந்த நேரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. புது வயரின் விறைப்பில் பின்பக்க சஸ்பென்ஷன் அமுங்கவே இல்லை. லாரி பின்காலைத் தூக்கியபடி ஓடியது. அதோடு, இரண்டு அச்சும் ஒரே மாதிரியானவை, பின்னது முன்னதைத் திருப்பிவைத்தது என்பதால் ஒரு மோட்டாருக்கு பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றிக் கொடுக்கவேண்டும். அதை மறந்து பற்றவைத்ததில் முன் அச்சு கோவிலுக்கும் பின் அச்சு ரயில்வே ஸ்டேஷனுக்கும் போக முயன்றன. லாரி இருந்த இடத்திலேயே உறுமியது. இளநிலை ஆய்வாளர் இதை மிகவும் ரசித்தான். மூன்றாவது முறிவு இவ்வாறு.

தளர்வு வேண்டும் என்று தெளிந்து, நான்காவது தடவை தாராளமாக ஒரு சாண் வயர் விட்டார். அதை டயர் பிடித்துச் சுருட்டி, மோட்டாரிலிருந்து வேரோடு பிடுங்கியது. ஐந்தாவது முறிவுக்குக் குறிப்புகள் இல்லை. ஆய்வாளர் அன்று கோபத்தில் இருந்தார். ஆறாவது, ஐந்தாவதின் மறுபதிப்பு.

ஏழாவதுதான் அறிவூட்டியது. தரையில் வைத்தால் லாரியின் பின் சக்கரங்கள் இழுக்காது. தூக்கித் தலைகீழாகப் பிடித்து ரிமோட்டைத் தட்டினால் சக்கரம் நான்கும் சந்தோஷமாகச் சுற்றும். கீழே வைத்தால் பின்பக்கம் மறுபடி மௌனம். டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தைபோல. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் கீச்சென்று கத்தித் தொடர்பு உண்டு என்றது. இரண்டு மாலைகள் ஸ்பீடு கன்ட்ரோலரைச் சந்தேகித்ததில் போயின. மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. 400 இழை உள்ள வயரில் 399 போய் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது கத்தும். தொடர்பு இருக்கிறதா என்றுதான் கேட்டோம், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்கவில்லை. தலைகீழாக, பாரமில்லாமல் சுற்றும் சக்கரத்துக்குச் சில இழை வழியே வரும் மின்சாரம் போதும். தரையில் லாரியை இழுக்க அது போதாது. மிஞ்சிய இழை சூடேறி அதுவும் போகும். ஓடும்போது மோட்டார் முனையில் வோல்ட் அளந்து, பேட்டரி வோல்ட்டோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். அதைவிட எளிய சோதனை விரல். வயரை மெதுவாக வளைத்துக்கொண்டே போனால், உள்ளே அறுந்த இடத்தில் உறை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால், கழுத்து ஒடிந்த கோழிபோல் சட்டென்று மடங்கும். லேசாக இழுத்தால் ரப்பர்போல் நீளும்.

கோட்பாடு

கம்பியை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். எவ்வளவு இழுபடும் என்பது கம்பியின் தடிமனையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் ஆர வளைவில் 2 மில்லிமீட்டர் தடிமனான ஒற்றைக் கம்பியின் வெளிப்புறம் சுமார் 9 விழுக்காடு இழுபடும். நெறியாளர் கொடுத்த வீட்டு வயரில் 0.3 மில்லிமீட்டரில் 22 இழை, ஒவ்வொன்றும் 1.5 விழுக்காடு. ரிமோட் கார்க்காரர்கள் வாங்கும் 14 கேஜ் சிலிகான் வயரில் 0.08 மில்லிமீட்டரில் 400 இழை; 0.4 விழுக்காடுதான். இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொள்வதால் ஒவ்வொன்றும் தன் தடிமனுக்கு மட்டும் கணக்குக் கொடுத்தால் போதும். கூட்டுக்குடும்பத்தில் ஒவ்வொருவரும் தன் செலவை மட்டும் பார்த்துக்கொண்டால் எப்படியோ அப்படி.

சால்டர் வைக்கும்போது நடப்பதைக் கவனித்தால் மீதிக் கதை விளங்கும். 183 டிகிரியில் உருகும் ஈய-வெள்ளீயக் கலவை, சூடு இருக்கும் பக்கம் ஓடும். இழைகளுக்கு நடுவே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், உறைக்குள்ளும் ஏறும். ஆறியதும் 400 இழையும் ஒட்டி ஒரே கம்பியாகும். அந்தப் பகுதி இனி வளையாது. வளைய வேண்டியது எங்கேயும் போகவில்லை. அது முழுவதும், விறைத்த பகுதி முடியும் விளிம்பில் வந்து சேர்கிறது. அங்கே வளைவின் ஆரம் 10 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டருக்கு இறங்கினால், 0.08 மில்லிமீட்டர் இழைகூட 4 விழுக்காடு இழுபடும். பத்து மடங்கு. கேபிள் டையை இறுக்கிய இடமும் அதே மாதிரி ஒரு விளிம்பு. ஆய்வாளர் எங்கெல்லாம் பலப்படுத்தினாரோ, அதற்கு அடுத்த வாசலில் போனது இதனால்தான். வயர் ஆடுவதால் அறுவதில்லை. ஆடும் இடமும் ஆடாத இடமும் அறிமுகமே இல்லாமல் சந்திக்கும் இடத்தில் அறுகிறது.

இதை ஆய்வாளர் ஏழு முறிவுகளுக்குப் பிறகு கண்டுபிடித்தார். வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியில் வயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழல் இருக்கிறது. அடியில் தடித்து, நுனியில் மெலிந்து, நடுவில் கீறல் கீறலாக. அது அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தார்.

தடுப்பு முறைகள்

வயரை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம். சிலிகான் வயர் என்று கேட்க வேண்டும். சிவப்பு ஒரு மீட்டர், கறுப்பு ஒரு மீட்டர். விரலில் சுற்றிப் பார்த்து விட்டால் விறைத்து நிற்காமல் சமைத்த நூடுல்ஸ்போல் விழவேண்டும். கேஜ் எண் ஏற ஏற வயர் மெலியும் என்பதை நினைவில் வைக்கவும். 16 கேட்டால் 14ஐவிட ஒல்லிதான் கிடைக்கும், கடைக்காரரோடு சண்டை வேண்டாம். சிலிகான் உறை 200 டிகிரிவரை தாங்கும்; மோட்டார் சூட்டுக்கும் சால்டரிங் அயர்ன் சூட்டுக்கும் உருகாது. ஆனால் மென்மையானது; கூர்மையான விளிம்பில் உரசினால் கிழியும்.

சால்டரிங்கில் ஆய்வாளர் தலைகீழான ஓர் உண்மையைக் கண்டார். சின்ன அயர்ன் வைத்தால் சேதம் குறைவு என்று நினைத்து 25 வாட்டில் பொறுமையாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மோட்டாரின் இரும்பு உடம்பு சூட்டை எல்லாம் குடித்துவிடுவதால் அரை நிமிடம் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த அரை நிமிடத்தில் சால்டர் வயருக்குள் வேண்டிய மட்டும் ஏறியது. அகல முனையுள்ள 60 வாட் அயர்ன் வைத்தால் மூன்று வினாடியில் வேலை முடியும். மோட்டார் முனையில் முதலில் தனியாகக் கொஞ்சம் சால்டர் பூசிக்கொண்டு, வயரின் நுனி 4 மில்லிமீட்டரை மட்டும் நனைத்து, உறை தொடங்கும் இடத்தை ட்வீசரால் பிடித்துக்கொண்டால் சூடு அங்கேயே நின்றுவிடும். தகரம் பற்றவைக்கும் அமிலம் எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. இழைகளுக்குள் தங்கிச் செம்பைத் தின்னும். கார் கம்பெனிகளில் வயர் முனைகளைப் பெரும்பாலும் சால்டர் இல்லாமல் நசுக்கித்தான் பிணைக்கிறார்கள். சால்டர் ஏறும் பிரச்சினையே அங்கே எழாது.

பற்றவைத்த பின், சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழல் இரண்டு. ஒன்று குட்டை, அதன் மேல் இன்னொன்று நெட்டை. குட்டைக்குழல் சால்டர் ஏறிய இடத்தைத் தாண்டி அரை சென்டிமீட்டர்; நெட்டைக்குழல் அதையும் தாண்டி இன்னும் ஒரு சென்டிமீட்டர். விறைப்பு ஒரே தாவலாக முடியாமல் படிப்படியாக இறங்கும். இஸ்திரிப் பெட்டிக் குழலின் ஏழை உறவு இது. குழல் போடவேண்டும் என்பது எப்போதும் பற்றவைத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். வயரின் மறுமுனையும் பற்றவைத்திருந்தால் ஒன்று கழற்ற வேண்டும். ஆய்வாளர் கழற்றினார்.

பிறகு டை. மோட்டாருக்கு இரண்டு விரல் தள்ளி, அச்சின் மேலேயே, வயரை ஒரு டையால் கட்ட வேண்டும். சால்டர் வைத்த முனையும் இந்த டையும் மோட்டாரும் ஒரே அச்சின் மேல் சேர்ந்து ஆடும்; அவற்றுக்குள் சண்டையில்லை. அடுத்த டை சேஸிஸில், அச்சைப் பிடித்திருக்கும் லிங்க் கீல்போல் திரும்பும் இடத்துக்கு அருகில். நடுவில் உள்ள வயர் மட்டும் ஆடும். அது லிங்கோடு ஒட்டிப் போய், கீலைச் சுற்றி ஒரு வளையம் போட்டுத் திரும்பினால் ஆட்டம் முழுவதும் நீளமெங்கும் பகிரப்படும். எங்கேயும் ஒரு புள்ளியில் குவியாது. லேப்டாப் மூடியின் கீலில் வயரை இப்படித்தான் சுற்றி அனுப்புகிறார்கள். டையை இழுக்கும்போது நெறியாளரைக் கூப்பிடக் கூடாது. வயர் அதற்குள் லேசாக நகரவேண்டும். அவர் இழுத்தால் எதுவும் நகராது.

நீளத்துக்குச் சூத்திரம் தேடிப் பயனில்லை. லாரியைக் கையில் எடுத்து, அச்சை முடிந்தவரை கீழே தொங்கவிட்டு, ஒரு பக்கமாக முறுக்கிப் பார்க்கவும். அந்த நிலையிலும் வயர் விறைக்கக் கூடாது. பிறகு அச்சை முழுவதும் மேலே அமுக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பவும். அந்த நிலையில் டயரைத் தொடக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் நடுவே கிடைக்கும் நீளம் எங்கள் லாரியில் விரற்கடை அளவுதான் கூடக் குறைய இருந்தது. செருகும் கனெக்டர் வைப்பதென்றால் ஆடாத பக்கத்தில், சேஸிஸில் வைக்கவும். ஆடும் நடுப்பகுதியில் வைத்தால் நாமே காசு கொடுத்து இன்னொரு விளிம்பு வாங்கியதாகும்.

பிரஷ்லெஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வயர் மூன்று. ஒன்று போனால் மோட்டார் நிற்காது, ஓடாது, உட்கார்ந்த இடத்தில் நடுங்கும். மற்றபடி விதிகள் ஒன்றே. வேலை மட்டும் ஒன்றரை மடங்கு.

ஆய்வு முடிவும் நன்றியும்

இந்த முறையில் பின் மோட்டார் வயரைக் கட்டிய பிறகு பதினான்கு ஞாயிறுகள் கடந்தன. வயர் அறவில்லை, முறியவில்லை, கட் ஆகவில்லை, விட்டும் போகவில்லை. பதினைந்தாம் ஞாயிறு ஸ்டியரிங் செர்வோவுக்குள் பல்சக்கரம் ஒன்று உடைந்தது. அது வேறு துறை.

பாத்திரம் தேய்க்கும் இடத்தில் சால்டரிங் செய்ய அனுமதித்த என் மனைவிக்கும், கிழக்கெல்லையை மூன்றடி தள்ளிப்போட்டுக்கொண்ட கீழ்வீட்டுப் பாட்டிக்கும், லாரியை எப்போதாவது தனக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும் இளநிலை ஆய்வாளருக்கும் நன்றி. நெறியாளருக்கும் நன்றி. ஆய்வுக்கு இன்றியமையாத 60 வாட் அயர்னை அவர் பொங்கலுக்கு முன் எடுத்துப்போனார். இக்கட்டுரை அவர் கண்ணில் பட்டால் அதைத் திருப்பித் தரவும். கறுத்திருக்கிறதே என்று முனையை அரம் வைத்துத் தேய்க்க வேண்டாம்.